மாநில எல்லை தாண்டினாலும் ஜீவனாம்ச உத்தரவு செல்லும்

“எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. 2022-ல் மதுரை குடும்ப நல நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்காக மாதம் 12,000 ரூபாய் என்று உத்தரவானது. நான் தையல் வேலை பார்ப்பதால் எனக்கென்று எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச காலம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பத்து மாதமாக ஒரு ரூபாய் வரவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டார். ‘மதுரை கோர்ட்டு ஆர்டர் கர்நாடகாவில் செல்லாது, அங்கே போய்ப் புதிதாகக் கேஸ் போடணும்’ என்கிறார்கள். அவரோ, ‘பிள்ளைகளை என் கண்ணில் காட்டாதவளுக்கு எதற்குப் பணம்?’ என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வருகிறாராம். நான் என்ன செய்வது?”

— ஒரு வாசகி, மதுரை

சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது ‘பத்து மாதம்’ என்ற சொல்தான். மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். ஜீவனாம்ச நிலுவைக்காக வாரண்ட் பிறப்பிக்கக் கேட்கும் மனுவை, அந்தத் தொகை கொடுக்கப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். ஒவ்வொரு மாதத் தொகைக்கும் இந்த ஓராண்டு தனித்தனியாக ஓடுகிறது. அவர் கட்டாமல் விட்ட முதல் மாதத்துக்கு இன்னும் இரண்டு மாத அவகாசம்தான் இருக்கிறது. அதற்குள் மனு போடாவிட்டால், அந்த மாதத்துக்கு வாரண்ட் கேட்கும் எளிய வழி அடைபடும். அடுத்த மாதம் போனால் அடுத்த 12,000. தவறாமல் கட்டுவதாகச் சொல்லி ஒரு வருடம் இழுத்தடித்துவிட்டுப் பிறகு கைவிரிப்பவர்களுக்கு இந்த விதி தெரிந்தே இருக்கிறது. தாய்மார்களுக்குத்தான் தெரிவதில்லை.

ஓராண்டு கடந்துவிட்டாலும் பணத்தின் மேல் உள்ள உரிமை செத்துப்போவதில்லை. அந்த ஓராண்டு, வாரண்ட் என்ற ஒரு வழிக்கான கெடு மட்டுமே. சிவில் முறையில் வசூலிக்கும் வழி மிச்சமிருக்கிறது என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் சிவில் வழி நீளமானது. இரண்டு மாதம் கையில் இருக்கும்போது அதை நம்பி உட்கார வேண்டாம். ஒருமுறை மனு போட்டுவிட்டால், அது நிலுவையில் இருக்கும் காலத்தில் சேரும் பாக்கியையும் அதே வழக்கில் கேட்கலாம். ஜீவனாம்சம் தொடர்ந்து வரும் கடமை என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே முழுப் பாக்கியும் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைய கணக்குக்கு இன்றே மனு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மதுரை உத்தரவு கர்நாடகாவில் செல்லாது என்று சொன்னவர்கள் யாராக இருந்தாலும், அது சட்டம் அல்ல. உங்கள் உத்தரவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. 125 முதல் 128 வரை இருந்தவை இப்போது 144 முதல் 147 வரை. பழைய உத்தரவுகள் அப்படியே உயிரோடு இருக்கின்றன. இதில் 147-ஆம் பிரிவுதான் உங்களுக்கு வேண்டியது. அது சொல்வது இவ்வளவுதான்: ஜீவனாம்ச உத்தரவை, கட்ட வேண்டியவர் எங்கே இருக்கிறாரோ அந்த இடத்தின் எந்த நடுவரும் நிறைவேற்றலாம். இன்ன மாநிலம், இன்ன மாவட்டம் என்று ஒரு வரம்பும் அதில் இல்லை. அந்த நடுவர் இரண்டே விஷயத்தில் திருப்தி அடைய வேண்டும். ஒன்று, உத்தரவில் இருக்கும் ஆட்கள் இவர்கள்தானா. இரண்டு, பணம் கட்டப்படவில்லை என்பது உண்மையா. உத்தரவின் நகலை உங்களுக்குக் கட்டணம் இல்லாமல் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

பெங்களூர் போன்ற நகரங்களில் நடுவரின் இந்த அதிகாரம் குடும்ப நல நீதிமன்றத்திடம் இருக்கிறது; 1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் அப்படி மாற்றியது. அவர் அங்கே வந்து, “எனக்குச் சம்பளம் குறைவு, 12,000 அதிகம், அவள் தையலில் சம்பாதிக்கிறாள்” என்று மதுரையில் முடிந்துபோன வாதத்தை மறுபடி தொடங்க முடியாது. நிறைவேற்றும் நீதிமன்றத்தின் வேலை வசூல் செய்வது. தொகையைத் திருத்துவது அல்ல. சூழ்நிலை உண்மையிலேயே மாறியிருந்தால், தொகையைக் குறைக்கச் சொல்லி 146-ஆம் பிரிவில் அவர் மனு போட்டு, ஆதாரம் காட்டி, உத்தரவு வாங்க வேண்டும். அப்படி ஒன்றை வாங்கும்வரை பழைய தொகையே கடன்.

பெரும்பாலான வழக்குகள் சட்டத்தில் தோற்பதில்லை. அந்த இரண்டு ‘திருப்தி’யில்தான் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கின்றன.

முதலில் ஆள் அடையாளம். நம் ஊரில் பெயர் எழுதும் வழக்கம் வேறு; அடுத்த மாநிலத்துக் கம்பெனிப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் வேறு. உதாரணத்துக்கு, உங்கள் உத்தரவில் ‘ச. முருகன், த/பெ. சண்முகம்’ என்று இருப்பவர், பெங்களூர் அலுவலகத்தில் ‘முருகன் சண்முகம்’ ஆக இருப்பார். பான் அட்டையில் ‘சண்முகம் முருகன்’ ஆக இருக்கலாம். நமக்கு ஒரே ஆள் என்று பார்த்ததும் தெரியும். அங்கே இருக்கும் எழுத்தருக்கும், கம்பெனியின் மனிதவளத் துறைக்கும், சம்மனைக் கொண்டுபோகிறவருக்கும் அது தெரியாது. “அப்படி ஒருவர் இங்கே இல்லை” என்று தாள் திரும்பிவரும். ஆகவே மனுவிலேயே அவருடைய பெயர் எத்தனை வடிவத்தில் இருக்கிறதோ அத்தனையையும் ‘என்கிற’ போட்டு எழுதச் சொல்லுங்கள். ஆதார் நகல், திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இருக்கும் பக்கம், அண்மைய புகைப்படம் இவற்றை இணையுங்கள். உத்தரவு தமிழில் இருந்தால், சான்றிட்ட நகலோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். இதை முதல் நாளே செய்யாவிட்டால் இரண்டு, மூன்று வாய்தாக்கள் வீணாகும்.

அடுத்தது பணம் வரவில்லை என்பதற்கான ஆதாரம். உத்தரவில் உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் வேலை எளிது: உத்தரவு நாள் முதல் இன்றுவரை உள்ள கணக்கு அறிக்கையை வங்கியில் முத்திரையோடு வாங்கி, எந்த மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று ஒரு பக்க அட்டவணை போட்டு, அதற்கு உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்யுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்ததாக அவர் சொன்னால், ரசீது எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இடையில் 2,000, 3,000 என்று அவர் ஜிபேயில் அனுப்பியிருந்தால் மறைக்காதீர்கள். ஒரு சிறு தொகையை மறைத்தது தெரிந்தால், முழுக் கணக்கையும் சந்தேகிக்க அவருக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

சரி, எங்கே மனு போடுவது? மதுரையிலா, பெங்களூரிலா?

மதுரையிலேயே போடலாம். உத்தரவு போட்ட நீதிமன்றம் தன் உத்தரவை நிறைவேற்றும் அதிகாரத்தை இழப்பதில்லை. நீங்கள் பயணம் செய்ய வேண்டாம், எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) நம்பர் ஏற்கெனவே இருக்கிறது. கோப்பு அங்கேயே இருக்கிறது. இங்கே பிறக்கும் கைது வாரண்ட் இந்தியாவின் எந்த இடத்திலும் செல்லும். பெங்களூர் போலீஸ் ஆணையர் வழியாக அதை அனுப்பலாம். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், அங்கிருக்கும் காவல் நிலையத்துக்கு மதுரை வாரண்ட் என்பது நூறு வேலைகளில் ஒன்று. முகவரியில் ஒரு எண் தவறினாலும் ‘ஆள் இல்லை’ என்று திரும்பிவிடும். இந்த வழியில் போவதானால் வீட்டு முகவரி, அலுவலக முகவரி, எந்த ஷிப்ட், எந்த வண்டி எண் என்பதுவரை எழுதிக் கொடுங்கள். வாரண்ட் போன பிறகு அது எந்த நிலையத்தில் இருக்கிறது என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள்.

பெங்களூர் குடும்ப நல நீதிமன்றத்தில் 147-இல் போட்டால், சம்மனும் வாரண்டும் உள்ளூரிலேயே செல்லும், வேகம் அதிகம். ஆனால் அங்கே ஒரு வக்கீல் வேண்டும், சில தடவையாவது போய்வர வேண்டும். வக்கீல் செலவை நினைத்துப் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. வருமான வரம்பு இவர்களுக்குக் கிடையாது. தையலில் எவ்வளவு வருகிறது என்று யாரும் கேட்டுத் தடுக்க முடியாது. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, பெங்களூரில் வக்கீல் வேண்டும் என்று எழுதுங்கள். அவர்கள் அங்கே இருக்கும் ஆணைக்குழுவுக்கு அனுப்புவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். விசாரணைக்குக் காணொலி வழியாக வர அனுமதி வேண்டும் என்று முதல் மனுவோடு இன்னொரு சிறு மனுவும் போட்டுவிடுங்கள். தருவது நீதிபதியின் விருப்பம். ஆனால் கணக்கு அறிக்கை மட்டுமே ஆதாரமாக இருக்கும் ஒரு வசூல் மனுவுக்கு, பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு தாய் இரவு பஸ் ஏற வேண்டியதில்லை என்று அழுத்திச் சொல்ல நல்ல காரணம் இருக்கிறது.

இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். என் அனுபவத்தில் வழக்கின் வேகத்தைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான்: அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே இருக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ள நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. நாடு முழுவதும் ஜீவனாம்ச வழக்குகளில் இரண்டு தரப்பும் தங்கள் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் குறிப்பிட்ட படிவத்தில் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் வழக்கு முடிந்தது 2022-ல். ஆகவே அவர் கையெழுத்திட்ட அந்தப் பத்திரம் மதுரைக் கோப்பில் இருக்க வேண்டும். அதில் வங்கிக் கணக்குகள், வண்டி, நிலம், காப்பீடு, வேலை விவரம் எல்லாம் கேட்கப்பட்டிருக்கும். அதன் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அவர் அப்போது ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாக உத்தரவு ஆகியிருந்தால் பத்திரம் இருக்காது. அப்போதும் வசூல் மனுவிலேயே, சம்பள விவரத்தைத் தாக்கல் செய்யும்படி கம்பெனிக்குச் சம்மன் அனுப்பக் கேட்கலாம்.

சம்பளம்தான் முதல் இலக்கு. ஜீவனாம்ச உத்தரவைச் சிவில் நீதிமன்றத்தின் பணத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம் என்று ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு சொல்கிறது. அதாவது சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஜப்தி வழிகள் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தை ஜப்தி செய்தால், முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஜீவனாம்சத்துக்குச் சட்டம் கணக்கைத் திருப்பிப் போடுகிறது: 60-ஆம் பிரிவு மூன்றில் ஒரு பங்கை மட்டுமே காப்பாற்றுகிறது. மீதி மூன்றில் இரண்டு பங்குவரை ஜப்தி செய்யலாம். பிள்ளைகளின் சோற்றுக்கு வங்கிக் கடனைவிட முன்னுரிமை என்று சட்டம் எழுத்தில் சொல்லியிருக்கும் இடம் இது. எனக்கு இந்தப் பிரிவின் மேல் தனி மரியாதை உண்டு.

மாநில எல்லை உண்மையிலேயே குறுக்கே வருவது இங்கேதான். அவர் அரசு ஊழியராகவோ, ரயில்வே ஊழியராகவோ, உள்ளாட்சி ஊழியராகவோ இருந்தால் கவலை இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளையில் உள்ள 48-ஆம் விதி, ஊழியரோ சம்பளம் தரும் அதிகாரியோ நீதிமன்ற எல்லைக்கு வெளியே இருந்தாலும் சம்பளத்தைப் பிடிக்க உத்தரவிடலாம் என்கிறது. ஹூப்ளியில் வேலை பார்க்கும் ரயில்வே ஊழியரின் சம்பளத்தை மதுரையில் இருந்தே பிடிக்கலாம். 2002-ல் வந்த ஒரு திருத்தம், தீர்ப்பளித்த நீதிமன்றம் தன் எல்லைக்கு வெளியே உள்ள ஆள்மீதோ சொத்துமீதோ நிறைவேற்றக் கூடாது என்று சொன்னபோது இதில் ஒரு குழப்பம் வந்தது. அந்தத் திருத்தம் 48-ஆம் விதியைத் தொடாது என்று 2005-ல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

தனியார் கம்பெனிக்கு 48-ஏ விதி. சம்பளம் பட்டுவாடா செய்யும் அதிகாரி நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருந்தால்தான் அந்த நீதிமன்றம் பிடிக்கச் சொல்லலாம். உங்கள் கணவர் பெங்களூரில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அவருடைய சம்பளத்தைப் போடும் அலுவலகம் சென்னையில் இருக்கலாம். பழைய சம்பளச் சீட்டோ, பணி நியமனக் கடிதமோ கிடைத்தால் அந்த முகவரியைப் பாருங்கள். சென்னை என்றால் உத்தரவைச் சென்னை நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லலாம்; மாநிலத்துக்குள்ளேயே வேலை முடியும். பெங்களூர் என்றால் மதுரை நீதிமன்றத்திடம் உத்தரவைப் பெங்களூருக்கு அனுப்பச் சொல்லி மனு போட வேண்டும். வேறு மாநிலமாக இருந்தாலும் நேராக அந்த நீதிமன்றத்துக்கே அனுப்பலாம் என்று 21-ஆம் கட்டளையின் 5-ஆம் விதி சொல்கிறது. நடுவில் இரண்டு உயர் நீதிமன்றங்கள் வழியாகச் சுற்ற வேண்டியதில்லை. உத்தரவின் நகல், இதுவரை எவ்வளவு வசூலாகவில்லை என்ற சான்று, ஏற்கெனவே நிறைவேற்று உத்தரவு ஏதும் இருந்தால் அதன் நகல், இம்மூன்றும் போக வேண்டும். அந்தச் சான்று சரியாகத் தயாராகியிருக்கிறதா என்பதை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். தொகை தவறாக ஏறிவிட்டால் திருத்தி வாங்குவதற்குள் ஒரு பருவம் போய்விடும்.

கம்பெனிக்கு நீதிமன்ற உத்தரவு போன பிறகு அதை மீறிச் சம்பளத்தை முழுதாக அவரிடம் கொடுத்தால், அந்தப் பணத்துக்குக் கம்பெனியே பொறுப்பு. இந்த ஒரு வரியை உங்கள் வக்கீல் கம்பெனிக்கு அனுப்பும் கடிதத்தில் சேர்த்தாலே போதும். மனிதவளத் துறைகள் பதில் போடத் தொடங்கும்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. கணவரின் கொடுமை காரணமாகப் பிரிந்தவர் என்றால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊர் நடுவரிடமே மனு போடலாம். பிள்ளைகளுக்கும் பண உதவி கேட்கலாம். அவர் கட்டத் தவறினால், சம்பளத்திலிருந்து நேரடியாக உங்களுக்கோ நீதிமன்றத்துக்கோ செலுத்தும்படி முதலாளிக்கே உத்தரவிட 20(6)-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தச் சட்டத்தில் போடப்படும் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும் என்று 27(2) எழுத்திலேயே சொல்கிறது. ஆனால் பழைய மதுரை உத்தரவைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு இடத்தில் ஒரே பணத்தை வாங்க முடியாது, ஒன்றில் மற்றதைக் கழித்துக்கொள்வார்கள். கைவசம் உத்தரவு இருக்கும் உங்களுக்கு இது அவசியமா என்றால், இப்போதைக்கு இல்லை என்பேன். இன்னும் ஓர் உத்தரவும் வாங்காமல் இருக்கும் வேறு தாய்மார்கள் இதைப் படித்தால் அவர்களுக்குச் சொல்கிறேன்.

அவருடைய சொந்த ஊரையும் மறந்துவிடாதீர்கள். ஆள் பெங்களூரில், சொத்து இங்கே என்பது நம் பக்கத்தில் சாதாரணம். அவர் பெயரில் பட்டா இருந்தால் மாநில எல்லைப் பிரச்சினையே எழாது. பட்டா, சிட்டாவை இணையத்தில் பார்க்கலாம். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கச் சான்று எடுக்கலாம். நிலுவைத் தொகையை அபராதம் போல வசூலிக்க வாரண்ட் போடும் நீதிமன்றம், அதை நில வருவாய் பாக்கி போல வசூலிக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பலாம். பாகம் பிரியாத பூர்வீகச் சொத்தில் இது சிக்கலாகும். அவர் பெயரில் தனிப் பட்டா உள்ள நிலத்தில் நன்றாக வேலை செய்யும். அந்த நிலத்தை விற்கப் பேச்சு நடப்பதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் நீதிமன்றத்தில் சொல்லுங்கள். வருங்கால வைப்பு நிதியைச் சட்டம் பொதுவாக ஜப்தியிலிருந்து காப்பதால், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

சிறை பற்றிப் பலர் கேட்பார்கள். தகுந்த காரணம் இல்லாமல் கட்டாதவரை, வாரண்டுக்குப் பிறகும் பாக்கி நின்றால், ஒரு மாதம்வரை அல்லது அதற்குமுன் பணத்தைக் கட்டும்வரை சிறையில் வைக்கலாம். சிறைக்குப் போய்வந்ததால் கடன் தீர்ந்துவிடாது; 1988-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. உள்ளே போனால் வேலை போகும், சம்பளம் போகும், பிள்ளைகளுக்கு வரவேண்டியதும் போகும் என்ற கவலை நியாயமானது. அதனால் சம்பள ஜப்தியை முன்னாலும் கைதைப் பின்னாலும் வைத்து மனு எழுதச் சொல்வேன். ஆனால் கேட்காமலே விடாதீர்கள். வேலையை விட்டுவிட்டதாகவும் வருமானம் இல்லை என்றும் சொல்லும் கணவர்கள் உண்டு. உடல் வலு உள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி, பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர்களுக்குக் காட்டுங்கள்.

“பிள்ளைகளைக் காட்டவில்லை” என்ற பேச்சுக்கு வருவோம். இது மிகவும் வலிக்கும் இடம் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளைப் பார்க்கும் உரிமையும் பிள்ளைகளுக்குச் சோறு போடும் கடமையும் வேறு வேறு. ஒன்றைக் காரணமாக்கி மற்றதை நிறுத்த அவருக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை. அவர் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் பாதுகாவலர் சட்டத்தின்படி பிள்ளைகள் வழக்கமாக வசிக்கும் இடத்தில், அதாவது மதுரையில்தான் மனு போட வேண்டும். நீதிமன்றம் சந்திப்புக்கு நாள் குறித்திருந்தால், பணம் வராவிட்டாலும் அந்த நாளில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். போனதற்கு அடையாளமாக ஒரு குறிப்பும் வைத்திருங்கள். பணம் கட்டாத அப்பாவையும் பிள்ளைக்குப் பார்க்கத் தோன்றும். அது அந்தப் பிள்ளையின் உரிமை. வசூல் மனுவில் அவர் இந்தக் குறையைக் கிளப்பினால் சொல்ல உங்களிடம் பதிலும் இருக்கும்.

நீங்கள் மனு போட்டதும் அவர் பெங்களூரில் விவாகரத்து மனு போடக்கூடும். இது பல முறை நான் பார்த்திருக்கும் எதிர்வினை. உங்களை அலையவைத்துக் களைப்பாக்குவதே நோக்கம். பயந்து வசூல் மனுவை விட்டுவிடாதீர்கள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. உயர் நீதிமன்றத்தில் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். சிவில் நடைமுறைச் சட்டம் 25-ஆம் பிரிவில் மாற்ற மனு. டெல்லியில் உச்ச நீதிமன்ற சட்டப் பணிகள் குழு இலவச வக்கீல் தரும். இருவருக்கும் இடையே எது நியாயம் என்று பார்க்கும்போது மனைவியின் வசதியையே பெரிதும் கவனிக்க வேண்டும் என்பது அந்த நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் நிலை. அதே சமயம், இந்துத் திருமணச் சட்டப்படி அவர் போட்ட வழக்காக இருந்தால், அதிலேயே 24-ஆம் பிரிவில் வழக்குச் செலவும் போக்குவரத்துச் செலவும் இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இயன்றவரை அதை முடிக்க வேண்டும் என்பது சட்டம்.

எதிர்த் தரப்பில் இருக்கும் தந்தையர்களுக்கும் ஒரு வார்த்தை. உண்மையிலேயே வேலை போய்விட்டது, வேறு மாநிலத்தில் பாதிச் சம்பளத்துக்குத்தான் வேலை கிடைத்தது என்றால் அமைதியாக நிறுத்திவிடாதீர்கள். வேலை நீக்கக் கடிதத்தோடு 146-ஆம் பிரிவில் மனு போடுங்கள். முடிந்த தொகையை வங்கி வழியாக அனுப்பிக்கொண்டே இருங்கள். மாதம் 4,000 தவறாமல் அனுப்பியவரைப் பார்க்கும் நீதிபதியின் பார்வை வேறு; போன் நம்பரை மாற்றியவரைப் பார்க்கும் பார்வை வேறு.

சகோதரி, 2022-ல் 12,000 நிர்ணயித்தபோது உங்கள் மகள் சிறியவள். இப்போது பள்ளிக் கட்டணமும் டியூஷனும் உயர்ந்திருக்கும். அதே 146-ஆம் பிரிவு உங்களுக்கும் பொருந்தும். தொகையை உயர்த்தச் சொல்லி மதுரையிலேயே மனு போடலாம். நீங்கள் சம்பாதிப்பது பிள்ளைகள்மீது தந்தைக்கு இருக்கும் கடமையைத் துடைத்துவிடாது. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். வசூல் மனு தனி. உயர்த்தும் மனு தனி. உயர்த்தும் மனுவில் அவர் வாதாடி வாய்தா வாங்கிக்கொண்டே இருப்பார். அதற்காக நிலுவை வசூல் நிற்கக் கூடாது.

144-ஆம் பிரிவில் மகனுக்கும் மகளுக்கும் ஜீவனாம்சம் பொதுவாக 18 வயதுவரைதான். உடலாலோ மனத்தாலோ இயலாத பிள்ளைக்கு அதற்கு மேலும் உண்டு. இந்துக் குடும்பமாக இருந்தால், தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத மணமாகாத மகளுக்குத் தந்தையிடமிருந்து தொடர்ந்து கேட்க 1956-ஆம் ஆண்டின் தத்தெடுத்தல் மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்குத் தனி வழக்கு வேண்டும். முஸ்லிம், கிறிஸ்தவத் தாய்மார்களும் 144-ஆம் பிரிவில் பிள்ளைகளுக்காகக் கேட்கலாம். மதம் அதற்குத் தடை இல்லை. 18 ஆவதற்கு முன்னால் சேர்ந்த பாக்கி எதுவும் பிறந்தநாளன்று மறைந்துவிடாது.

இந்த வாரமே மதுரை நீதிமன்றத்தில் நகல் பிரிவுக்குப் போங்கள். உத்தரவின் இலவச நகல், 2022-ல் அவர் தாக்கல் செய்த சொத்து விவரப் பத்திரத்தின் நகல், இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். நகல் வரும்வரை சும்மா இருக்காமல் வங்கியில் கணக்கு அறிக்கையையும் வாங்கிவிடுங்கள். அவை கைக்கு வந்ததும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உட்கார்ந்து மனுவை எழுதச் சொல்லுங்கள். அவர் எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்பது உறுதியாகத் தெரியும்வரை காத்திருக்காமல் மதுரையிலேயே முதலில் தாக்கல் செய்துவிடுங்கள். பத்தாவது மாதத்தில் நிற்கும் கணக்கு அதனால் காப்பாற்றப்படும். பெங்களூருக்கு அனுப்புவதா, சென்னையில் சம்பளத்தைப் பிடிப்பதா என்பதை விவரம் கிடைத்த பிறகு முடிவு செய்யலாம்.